பெட்டியில் பெயர் பார்ப்பது

எங்கள் ஆட்கள் வீடு பார்க்கப் போனால் முதலில் வீட்டைப் பார்ப்பதில்லை. கீழ்வாசல் சுவரில் வரிசையாக இருக்கிற தபால் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயர்களைத்தான் பார்ப்பார்கள். குசினி பெரிதா, குளியலறைக்கு யன்னல் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எத்தனை தமிழ், எத்தனை வெள்ளை, எத்தனை அரபு, எத்தனை ஆபிரிக்கா என்று பெயரிலேயே தெரிந்துவிடும். பாரிசுக்கு வந்த இந்த முப்பத்துநாலு வருடத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அதனால் இந்தக் கதையில் என் புருசனை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை.

என் பெயர் றெஜினா. வயது எழுபது. புருசன் கிறிஸ்தோப்பருக்கு எழுபத்தைந்து. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. வந்த புதிதில் ஒரு கையில் அரிசிப்பையும் மறு கையில் இரண்டு வயது மகன் றொஜரையும் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். பிறகு இருபத்திரண்டு வருடம் கந்தோர்களில் துப்புரவு வேலை. மற்றவர்களுடைய தரையில் முழங்காலை ஊன்றித் தேய்த்துத் தேய்த்து இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒன்றரை வருடமாக ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இறங்குகிறேன். அதுவும் அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் வந்து கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மீன்கடை, மரக்கறிக்கடை, சனத்தின் சண்டை எல்லாம் சத்தமாக மட்டும் மேலே வரும். யன்னலால் எட்டிப் பார்த்தால் உச்சந்தலைகள் தெரியும். லா சப்பலில் யாருக்கு வழுக்கை விழுகிறது என்பது அவரவருக்குத் தெரியமுதல் எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாடியில் பன்னிரண்டு வருடமாக மரியான் இருந்தாள். கொங்கோக்காரி, என்னைவிட மூன்று வயது குறைவு. அவளும் துப்புரவு வேலை செய்து ஓய்ந்தவள்தான், ஆனால் கடவுள் அவளுக்கு முழங்காலை விட்டுவைத்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே மேலே வந்து, பாதிரியார் எந்த இடத்தில் உளறினார், யார் பிரசங்கத்தில் தூங்கி விழுந்தார் என்று ஒன்றும் விடாமல் சொல்வாள். நான் குளிக்கிற நாட்களில் குளியலறைக் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து ஒரு தேவாலயப் பாட்டைப் பாடுவாள். அடுத்த வரியை உள்ளேயிருந்து நான் பாட வேண்டும். பாடாவிட்டால் நான் விழுந்துவிட்டேன் என்று அர்த்தம், உடனே கதவைத் திறப்பாள். சோப்பு நுரையோடு நான் பாடிய பிரெஞ்சுப் பாட்டைக் கேட்டுக் கடவுள் என்ன பாடுபட்டாரோ தெரியாது.

கிறிஸ்தோப்பர் அவளிடம் மரியாதையாகத்தான் இருப்பார். கதிரை எடுத்துப் போடுவார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அவள் படியிறங்கிப் போன பிறகு, "நல்ல மனுசி, கறுவலெண்டாலும்" என்பார். ஆபிரிக்கர்களுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் அது. கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்துத் தலை சீவிவிட்டு வந்துதான் அப்படிச் சொல்கிறோம். நானும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

நான் பொல்லை ஊன்றிக்கொண்டு இறங்கக்கூடியதாக இருந்த காலத்தில் ஒரு தடவை வீடு மாறப் பார்த்தோம். மகன் றொஜர் பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற ஊரில் இருக்கிறான். அவனுடைய தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தரைவீடு வாடகைக்கு வந்தது. அவனே போன் எடுத்துப் பேசினான். அவன் பேசுவது இங்கே பிறந்தவர்களின் பிரெஞ்சு, பெயரும் றொஜர் கிறிஸ்தோப்பர். போனில் கேட்கிறவன் வேறு என்ன நினைப்பான்? உங்கள் பெற்றோரைப் போன்ற அமைதியான வயதானவர்களைத்தான் வீட்டுக்காரர் தேடுகிறார் என்று ஏஜென்ட் தேன் ஒழுகப் பேசினானாம். நாங்கள் போய் இறங்கினோம். கையில் வீட்டுத் திறப்போடு வாசலில் நின்ற அந்த ஏஜென்ட் எங்களைப் பார்த்தான், பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தான். கிறிஸ்தோப்பர் குடும்பம் பின்னால் வருகிறது என்று நினைத்தான். அது நாங்கள்தான் என்று விளங்கியதும், அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னான். கதவைத் திறக்கவேயில்லை. றொஜர் அந்தத் தெருவிலேயே நின்று சத்தம் போட்டான். வீடு வாடகைக்கு என்ற பலகை அதற்குப் பிறகும் ஒரு மாதம் அங்கேயே தொங்கியது.

 திரும்பி வரும்போது, கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டிய பிறகுதான் கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தார்.

"அவன் எங்களைக் கறுவலெண்டு நினைச்சிட்டான்" என்றார்.

"அவன் ஒண்டும் நினைக்கேல்லை. எங்களைப் பார்த்தவன், அவ்வளவுதான்" என்றேன்.

அது அவருக்கு ஏறவில்லை. அன்றைக்குப் பட்ட அவமானத்துக்கு அந்த வெள்ளைக்காரனில் கோபப்பட என் புருசனுக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் உணவகக் குசினியில் கோப்பை கழுவி, வெள்ளைக்காரனுக்கு 'ஓம் ஐயா' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய மனிதர். யாரோடு சேர்த்துத் தன்னை எண்ணிவிட்டார்களோ அவர்களில் கோபப்பட்டார். அது சுலபமாக இருந்தது.

இந்த வருடம் தை மாதம் எங்கள் கட்டடத்தின் வாசலில் ஒரு அறிவித்தலை ஒட்டினார்கள். படிக்கட்டைத் தாங்கும் மரம் உக்கிப்போய்விட்டதாம், சுவரெல்லாம் ஈரமாம், கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம், கோடைக்கு முன் எல்லாரும் வெளியேற வேண்டுமாம். மரம் உக்கியது எங்களுக்கு எப்போதோ தெரியும். படி ஏறுகிற எங்களுக்குத் தெரிந்தது, வாடகை வாங்குகிற மனிதருக்குத் தெரிய இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. பதினொரு குடும்பங்களுக்கும் வேறு வீடு தேடித் தருகிற பொறுப்பை ஷார்லோத் என்ற பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். இருபத்தெட்டு வயது இருக்கும். மூச்சு வாங்க ஐந்து மாடியும் ஏறி வந்து, என் முழங்காலைப் பார்த்து, நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். நான் கேட்டது மூன்றே மூன்று. லிஃப்ட் இருக்க வேண்டும் அல்லது தரைவீடாக இருக்க வேண்டும். லா சப்பலுக்கு ரயில் இருக்க வேண்டும். நடந்து போகிற தூரத்தில் ஒரு தேவாலயம் இருக்க வேண்டும். தேடலாம் என்றாள். ஆனால் இரண்டு தடவைதான் வீடு காட்டுவோம், இரண்டாவதையும் மறுத்தால் பிறகு உங்கள் பாடு என்றும் சொன்னாள். நீங்கள் வேண்டாம் என்று விடுகிற வீடு இதே கட்டடத்தில் அடுத்த ஆளுக்குப் போகும் என்றாள்.

பங்குனியில் முதல் வீடு வந்தது. பாரிசுக்கு வடக்கே ஸ்தேன் என்ற ஊரில், நாலாம் மாடி, இரண்டு அறை, லிஃப்ட். அங்கேயிருந்து ஒரு ரயில் பிடித்தால் கார் து நோர், இறங்கி நடந்தால் லா சப்பல். தேவாலயம் இரண்டு தெரு தள்ளி. கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். எழுபது வயதில் கலியாணப் பெண் மாதிரி வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி வந்து, மரக்கறிக்கடையில் முருங்கைக்காயை என் கையால் முறுக்கிப் பார்த்து வாங்குவேன் என்று மரியானிடம் சொன்னேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

வீடு பார்க்க என்னால் போக முடியவில்லை. கிறிஸ்தோப்பர் போனார். அவர் சப்பாத்து மாட்டும்போது நான்தான் சொன்னேன்.

"போன உடனை பெட்டியளைப் பாருங்கோ."

எங்கள் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்து வரத்தான் அப்படிச் சொன்னேன். ஸ்தேனில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, ஆத்திர அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஒருவர் வேண்டாமா? அந்த ஒரு வசனத்தைத் தவிர நான் வேறெதுவும் சொல்லவில்லை.

பின்னேரம் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், கதிரையில் இருந்தார்.

"லிஃப்ட் மூண்டு மாசமா நிக்குதாம். எப்ப திருத்துவினமெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். உம்மாலை நாலு மாடி ஏற ஏலாது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வீட்டை மறுக்கிற படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். காரணம் என்ற இடத்தில், வைத்தியருக்குத் தூரம் என்று எழுதியிருந்தார். லிஃப்ட் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கட்டடத்தைக் குறை சொன்னால் அடுத்த வீடு தரமாட்டார்கள் என்றார். சரியாகத்தான் பட்டது.  அதிகாரிகளுக்குப் பிடிக்காத உண்மையை ஒரு காகிதத்தில் எழுதுகிற பழக்கம் எங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஷார்லோத் போன் எடுத்து, நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா மதாம் என்று இரண்டு முறை கேட்டாள். நிச்சயம் என்று நான் பெரிய மனுசி மாதிரிப் பதில் சொன்னேன். மரியானிடம், அந்த வீடு சரிவரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

சித்திரை கடைசியில் இரண்டாவது வீடு வந்தது. மோ நகரத்துக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். தரைவீடு. அதுவரை போக ஒரு ரயிலும், பிறகு ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடுகிற ஒரு பஸ்ஸும். இந்த முறை கிறிஸ்தோப்பர் றொஜரோடு காரில் போய்ப் பார்த்தார். வந்தவரின் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அமைதியான இடமாம், யன்னலுக்கு யன்னல் பூச்சாடியாம், பெட்டிகளில் முழுக்க வெள்ளைப் பெயர்களாம். றொஜர் பிரெஞ்சில் ஒரே ஒரு வசனம் சொன்னான்: அம்மா, அங்கே உங்களுக்கு ஒருத்தரும் இல்லை. அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் மறுத்தால் தெரு. அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு மரியான் பூசை முடிந்து வந்தாள். தலையில் அந்தப் பெரிய மஞ்சள் துணியைக் கட்டியிருந்தாள். அவளுக்கும் வீடு கிடைத்துவிட்டது என்று போனைத் திறந்து காட்டினாள். ஒரு லிஃப்டுக்குள் நின்று எடுத்த வீடியோ. சுவரில் கண்ணாடி, கண்ணாடியில் மரியான், இலக்கங்கள் ஒவ்வொன்றாக மாறி நாலில் வந்து நின்று கதவு திறக்கிறது. பிறகு ஒரு வீடு, இரண்டு அறை, யன்னலுக்கு வெளியே மரம். எங்கே என்று கேட்டேன். ஸ்தேன் என்றாள். தெருவின் பெயரைச் சொன்னாள், இலக்கத்தைச் சொன்னாள். நாலு தரம் வாசித்த கடிதம், எனக்கு மறக்குமா?

லிஃப்ட் எப்போது திருத்தினார்கள் என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. அது புது லிஃப்ட், போன வருடம்தான் போட்டதாம், காவலாளி சொன்னாராம்.

கிறிஸ்தோப்பர் யன்னலடியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை.

"உங்களுக்கு ஸ்தேன் கிடைத்ததென்று தெரிந்தவுடனேயே நான் ஷார்லோத்திடம் போனேன், என்னையும் அந்தக் கட்டடத்திலேயே போடச் சொல்லி" என்றாள் மரியான். "றெஜினாவின் முழங்காலுக்கு யார் துணை என்று அவளைக் கேட்டேன். பிறகு பார்த்தால் நீங்கள் விட்ட வீட்டையே எனக்குத் தருகிறார்கள். ஏன் விட்டீர்கள்?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது முழுதாகத் தெரியவில்லை, ஆனால் பாதி விளங்கிவிட்டது. தூரம், என்றேன். வைத்தியருக்குத் தூரம்.

"மோ தூரமில்லையா?"

 அவள் என்னைப் பார்த்தாள், யன்னலடியில் நின்ற முதுகைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். அறுபத்தேழு வருடம் கறுப்பாக வாழ்ந்தவளுக்கு இந்த மௌனத்தை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. போனை மெதுவாகக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நானும் அங்கே பெட்டிகளில் பெயர்களைப் படித்தேன், மதாம்" என்றாள். "இல்லையென்று தெரிந்தும் உங்களுடைய பெயரைத் தேடினேன்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னை மதாம் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கதவைச் சாத்திய பிறகு நான் கிறிஸ்தோப்பரைக் கேட்டேன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் முதலில் லிஃப்ட் அன்றைக்கு நின்றிருந்தது என்றார்.  பிறகு சொன்னார்.

"இருபது பெட்டி. பதினாலு கறுவல் பேர். எங்கடை பேர் ரெண்டு. வயசுபோன காலத்திலை அவங்களுக்குள்ளை போய் எப்பிடி இருக்கிறது? நாளைக்கு ஆரும் எங்களைப் பார்த்தால் என்ன நினைப்பினம்?"

"ஆர் பாக்கிறது? ஆர் எங்களைப் பாக்க வாறது?"

"நீர்தானே பெட்டியைப் பாக்கச் சொன்னனீர்" என்றார்.

 எங்கள் பெயர் இரண்டு இருந்ததாம். நான் கேட்டனுப்பியது அதைத்தான், அவர் அதையும் எண்ணித்தான் வந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று வந்தவுடன் 'பதினாலு' என்று உண்மையையே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கையெழுத்துப் போடாமல் விட்டிருப்பேனா? கோபத்தில் ஆயிரம் தடவை 'ஓம், விட்டிருப்பன்' என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவைகூட நானே நம்பவில்லை.

திங்கட்கிழமை ஷார்லோத்துக்குப் போன் எடுத்தேன். ஸ்தேனில் அதே கட்டடத்தில் வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை மதாம், நீங்கள்தானே வேண்டாமென்றீர்கள் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அவளிடம் இன்னும் மூன்று குடும்பங்களின் வேலை கிடந்தது.

அடுத்த ஞாயிறு மரியான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. நான் குளிப்பதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டேன்.

வைகாசி நடுவில் ஒரு வியாழன் அவளுடைய மகன்மார் வானோடு வந்தார்கள். காலையிலிருந்து அலுமாரி இடிபடுகிற சத்தமும் பெட்டிக்கு ஒட்டுகிற நாடாவைக் கிழிக்கிற சத்தமும் மேலே வந்தன. நடுவில் ஒரு தடவை மரியானின் சிரிப்பும் கேட்டது. கிறிஸ்தோப்பர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அவரை அனுப்பலாமா என்று யோசித்தேன். இந்த விசயத்துக்கு அவரை அனுப்ப முடியாது. போனில் சொல்லவும் முடியாது. இரண்டு மாடி இறங்கி அவளுக்கு முன்னால் போய் நின்றால், நான் வாய் திறக்காவிட்டாலும் அவளுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்து, முதல் படியில் குந்தினேன். கையை ஊன்றி அடுத்த படிக்கு என்னை இறக்கினேன். சின்னப் பிள்ளைகள் இறங்குவது போலத்தான். ஒவ்வொரு படியிலும் முழங்காலுக்குள் கண்ணாடி உடைந்தது போல வலித்தது. உக்கிய மரம் எனக்குக் கீழே முனகியது. பாதி வழியில், நாலாம் மாடியில், மூச்சு எடுக்க நிற்க வேண்டியிருந்தது. அங்கேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கீழே எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள், கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இடிக்கப்போகிற வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருந்தாள், தரை இன்னும் காயவில்லை. கீழே தெருக்கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வான் கிளம்பியது.

"மரியான்" என்று கத்தினேன்.

"என்ன?" என்று மேலேயிருந்து கிறிஸ்தோப்பர் கேட்டார்.

அவர் இறங்கி வந்தார்.  கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார், ஒரு படி ஏற்றினார், அடுத்ததில் அவருக்கு மூச்சு முட்டியது. இரண்டு பேரும் விழப் பார்த்தோம். கட்டடத்தில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது என்று அவர் படிக்கட்டின் மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டு, திறந்து கிடந்த அந்தக் கதவைப் பார்த்தார். அவர் வாய் வரைக்கும் வந்த பெயர் எது என்று எனக்குத் தெரியும்.

றொஜருக்குப் போன் எடுத்தார். வேலை முடிந்து வர ஆறரை ஆகும் என்றான். அப்போது மணி இரண்டேகால். கிறிஸ்தோப்பர் மேலே போய் ஒரு தலையணை கொண்டுவந்து எனக்கு முதுகுக்கு வைத்தார். எனக்கு மேல் படியில் அவரும் இருந்தார். "தண்ணி வேணுமே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன், குடித்தால் பிறகு கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை.